குச்சியா, பொட்டியா

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துக் கேள்வி கேட்பதைவிட இது மேல். காந்திபுரத்தில் ஒரு மின்சாதனக் கடை. இணையத்தில் வரும் படங்களையும் தொடர்களையும் டிவியில் பார்ப்பதற்கு ஒரு கருவி வாங்கப் போயிருந்தேன். எதை வாங்குவது என்று தெரிந்துகொள்வதற்காகப் பல வாரங்கள் விமர்சனக் காணொளிகளைப் பார்த்து, அதனாலேயே ஒரு படம்கூடப் பார்க்க நேரமில்லாமல் போன ஆள் நான்.

அங்கே ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். கணவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சோமனூர்க்காரர்கள் என்பது பேச்சில் தெரிந்தது, பேசிய சத்தத்திலும் தெரிந்தது. விசைத்தறி ஓடுகிற ஊர்க்காரர்கள் பக்கத்தில் நிற்பவரிடமும் அடுத்த தெருவில் நிற்பவரிடமும் ஒரே சத்தத்தில்தான் பேசுவார்கள். கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மடக்குக் கண்ணாடியை எடுத்தார். துணியில் இழை எத்தனை நெருக்கமாக ஓடுகிறது என்று பார்க்கத் தறிக்காரர்கள் வைத்திருப்பது. அதைக் கடையிலிருந்த பெரிய டிவியின் திரைமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்தின் புள்ளிகளை எண்ண ஆரம்பித்தார்.

"நெசவு நெருக்கமாத்தான் இருக்குதுங்க," என்று தீர்ப்புச் சொன்னார்.

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் அடக்கவில்லை. அப்போது அந்த அம்மாள் கேட்டார்: "ஏங்கண்ணு, இதுல பேசறவங்க மூஞ்சி நல்லாத் தெரியுமா?"

"மூக்குத்திக் கல்லு மொதக்கொண்டு தெரியுங்கம்மா."

நான் பார்த்தது அவ்வளவுதான். தீபாவளி மலருக்குச் 'சிரிக்கச் சிரிக்க' ஒரு கதை வேண்டும் என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார். மலர் ஆசிரியர்கள் அப்படித்தான் கேட்பார்கள், ஒரு முறை சிரித்தால் போதாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கணவருக்குப் பாலுசாமி என்றும் மனைவிக்குக் கீதா என்றும் பெயர் வைத்தேன். பீளமேடு வருவதற்குள் அவர்களுக்கு ஒரு வீடும் ஒரு மகளும் கொடுத்துவிட்டேன்.

2

தொடக்கம்தான் வரவில்லை.

அன்று மாலை சோமனூரில் மழை பெய்துகொண்டிருந்தது. பாலுசாமி ஜன்னல் வழியே தூறலை ரசித்தபடி—

(வேண்டாம். மழை பெய்தால் தறிக்காரர் ஜன்னலுக்குப் போக மாட்டார். கூரை ஒழுகி நூல் நனைகிறதா என்று பார்க்கத் தறிக்குடோனுக்குத்தான் ஓடுவார்.)

கருவிகள் மனிதனை ஆளும் இந்த நவீன யுகத்தில்—

(இந்த வரியை ஒரு பள்ளிக் கட்டுரைப் போட்டியில் படித்திருக்கிறேன். அதற்கு முதல் பரிசு கொடுத்த நடுவரும் நானே.)

பாலுசாமி தறிகளை வாடகைக்கு விட்ட மறுநாள் காலையில், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இந்த வரி நிற்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து பாலுசாமியும் கீதாவும் சேர்ந்துதான் தறி ஓட்டினார்கள். அவர் இந்தப் பக்கத்துத் தறிகளைப் பார்த்தால் அவள் அந்தப் பக்கத்துத் தறிகளைப் பார்ப்பாள். நடுவில் நூல் அறுந்தால் ஓடுவாள், ஓடத்தில் நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்றுவாள். இப்போது அவருக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. தறிகளை வேறொருவர் தன் குடோனுக்கு எடுத்துப்போய் ஓட்டுகிறார். சாயங்காலம் என்று ஒன்று இருப்பதையே பாலுசாமி இப்போதுதான் பார்க்கிறார்.

அந்தச் சாயங்காலத்தில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். கல்யாணப் பந்தியிலும் காது குத்திலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கெல்லாம் ஊரே கூட உட்கார்ந்திருக்கும். வீட்டில், சும்மா, இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்ததில்லை. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? ஆகவே அவர், "டிவிக்கு ஒரு மிசினு வாங்கோணும்," என்றார். கதையின் முதல் வசனம் அது. அதிலேயே பொய் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

3

ஆலோசகர் இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு பொருளும் வீட்டுக்குள் வராது. பம்புசெட் வாங்கினாலும் சரி, சம்பந்தம் பேசினாலும் சரி, நாலு பேரைக் கேட்டாக வேண்டும். நாலு பேரையும் எழுதிப் பார்த்தேன். கதை சந்தைக்கடை ஆகிவிட்டது. மூன்று பேரை வெட்டிவிட்டுக் கீதாவின் தம்பி அருள்குமாரை மட்டும் வைத்துக்கொண்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. எதையும் வாங்காமலே எல்லாப் பொருளையும் பற்றி முழுக்கத் தெரிந்தவன்.

"மாமா, குச்சி வேண்டாமுங்க. பொட்டி வாங்குங்க," என்றான்.

"ஏன் மாப்ள? குச்சின்னா டிவில சொருகிப்போட்டா முடிஞ்சுதல்லொ?"

"அதானுங்க கொறையே. சொருகுனா டிவிக்குப் பொறவுக்குப் போயி ஒளிஞ்சுக்கும். ஊட்டுக்கு வாரவங்களுக்கு நீங்க வாங்குனதே தெரியாதுங்க."

பாலுசாமிக்கு அது நியாயமாகப் பட்டது. "பொட்டி சூடாகுமா?"

"லேசா ஆகுமுங்க."

"அப்ப ஆயில் கீயில் உடோணுமா?"

"மாமா, அது மோட்டார் இல்லீங்க. ஆனா ஃபோர்கேன்னு ரொம்பத் துல்லியமான படம் வருமுங்க."

"நம்ம டிவில அது தெரியுமா?"

"தெரியாதுங்க. பழைய டிவியல்லொ. ஆனாப் பொட்டில இருக்கோணுமுங்க. நாளைக்கு நம்ம லோகப்பிரியாவப் பொண்ணு பாக்க வாரவங்க கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"

லோகப்பிரியா அவர்களுடைய ஒரே மகள். சென்னையில் வேலை. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணைப் பார்க்க வருபவர்கள் பெட்டியின் திறனை விசாரிப்பார்கள் என்பதில் அருள்குமாருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.*

* இவ்வளவு பேச்சிலும் அந்தக் கருவியில் என்ன பார்ப்பது, யார் பார்ப்பது என்ற கேள்வி வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் பார்த்த விமர்சனக் காணொளிகளிலும் வரவில்லை.

4

இப்போது ஒரு சிக்கல். கீதா என்கிற பாத்திரம் எனக்கு வசப்படவில்லை. இந்தக் கதையை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் அவள் பேச மாட்டேன் என்கிறாள். வெட்டிய பகுதிகளை அப்படியே தருகிறேன்.

[கீதா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாலுசாமி பின்னால் வந்து நின்றார். "ஏ அம்மணி, குச்சி வாங்கலாமா, பொட்டி வாங்கலாமா?" கீதா தோசையைத் திருப்பிப் போட்டாள்.]

[மாகாளியம்மன் கோயிலுக்கு நடந்தார்கள். முன்னால் போன பாலுசாமி திரும்பாமலே கேட்டார். "பொட்டின்னா கருப்பா வெள்ளையா?" பின்னால் வந்த கீதா, "சரிங்க," என்றாள்.]

[லோகப்பிரியா போன் செய்தாள். "வீடியோவுல வா கண்ணு," என்று சொல்லிவிட்டுக் கீதா போனை வைத்தாள். மகள் என்ன கலர் சுடிதார் போட்டிருக்கிறாள் என்று பார்க்காமல் அவளுக்குப் பேச்சு ஓடாது.]

மூன்றாவதை நகைச்சுவை என்று நினைத்து எழுதினேன். இரண்டாவதையும் அப்படியே. இது வேணுமா அது வேணுமா என்று கேட்டால் 'சரிங்க' என்று பதில் சொல்லும் மரியாதை எங்கள் ஊருக்கே உரியது என்று ஒரு பத்தி விளக்கம்கூட எழுதிவைத்தேன். எதிராளி மனசு கோணக்கூடாது என்பதற்காக எங்கள் ஆட்கள் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்றெல்லாம். நல்ல பத்தி. ஆனாலும் கதையில் கீதா நாற்காலியாகத்தான் இருந்தாள். ஒரு கட்டத்தில் அவளைச் சாகடித்துவிட்டுப் பாலுசாமியைத் தனியாளாக்கலாமா என்று யோசித்தேன். மனைவியை இழந்த ஆண்கள் மலர்களில் நன்றாக எடுபடுவார்கள்.

5

என் மனைவி பெயர் ரங்கநாயகி. (கதைக்குள் அவளைக் கொண்டுவரும் எண்ணம் இல்லை. அவளாகத்தான் வந்தாள்.) மேஜையில் கிடந்த தாள்களை எடுத்து, வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, நின்றபடியே படித்தாள்.

"ஏனுங்க, இந்தம்மாவுக்குக் காது கேக்காதுங்களா?"

"யாருக்கு?"

"கீதாவுக்குத்தான்."

"நான் அப்பிடி எழுதலியே."

"எழுதியிருக்கீங்க. பொறவுக்கு நின்னு பேசுனா வாயே தொறக்கறதில்ல. முன்னால போறவரு திரும்பாமக் கேட்டா என்னத்தயோ சொல்லுது. போன்ல பேசாது, வீடியோவுல வரச் சொல்லுது. கடைல என்ன கேட்டுது? மூஞ்சி தெரியுமான்னு. இதுக்கு மேல எப்பிடி எழுதறது?"

"எனக்கு அவளுக்கு வசனம் எழுதச் சோம்பலா இருந்துது. அவ்வளவுதான்."

"உங்களுக்குச் சோம்பலு, அவங்களுக்குக் கேக்கல. படிக்கறப்ப ரெண்டும் ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது," என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய்க்குத் திரும்பினாள்.

6

முதலில் கோபம் வந்தது. என் பாத்திரத்துக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாதா? பிறகு தாள்களை எடுத்துப் படித்தேன். ரங்கநாயகி சொன்னதுதான் சரி.

தறிக்குடோனுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். அங்கே காதுக்கு வேலை இல்லை. பேசுவதெல்லாம் உதட்டசைவிலும் கையசைவிலும்தான். நூல் வேண்டும், ஃபிட்டரைக் கூப்பிடு, சோறு வந்துவிட்டது, எல்லாம் தூரத்திலிருந்து உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். எல்லோருமே செவிடாக இருக்கிற இடத்தில் ஒருத்திக்கு நிஜமாகவே காது போய்க்கொண்டிருப்பதை யார் கண்டுபிடிப்பது? வீட்டுக்கு வந்தாலும் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். கீதாவுக்கே தெரிந்திருக்காது.

தறிகளை வாடகைக்கு விட்ட பிறகுதான் தெரிந்தது. "ஊடு எத்தன அமைதியா இருக்குது பாரு, குயில் கூவறது கேக்குது," என்று பாலுசாமி எதிரே உட்கார்ந்து சொன்னபோது அவள் அந்த உதடுகளைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். அவளுக்குத் தறிச் சத்தமும் இல்லை, குயிலும் இல்லை. இந்த வரிக்காக, சிரிக்கச் சிரிக்கக் கேட்ட ஆசிரியர் என்னை மன்னிக்கட்டும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். லோகப்பிரியாவுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றேனே. பெண்ணின் தாய்க்குக் காது கேட்காது என்று ஒரு வாய் சொன்னால் போதும். அது அவிநாசி வரைக்கும் போய், 'பரம்பரையா வருதாமா' என்ற வாலையும் ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். மகள் கழுத்தில் தாலி ஏறும்வரை கண்ணை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று கீதா முடிவு செய்திருந்தாள்.

அவளுக்கு ஒரே துணை கேபிள் டிவியில் வரும் நெடுந்தொடர்கள்தான். நீங்களும் நானும் கேலி செய்வோமே, அவற்றைத்தான் சொல்கிறேன். ஒரு அதிர்ச்சிக்கு ஒரு முகத்தை மூன்று முறை காட்டுவார்கள். மாமியார் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் நமக்குக் காப்பி ஆறிவிடும். கீதாவுக்கு அந்த வேகம்தான் சரியாக இருந்தது. ஒவ்வொரு உதடும் பக்கத்தில், வெளிச்சத்தில், நிதானமாக. மொத்த உலகத்திலும் அவளுக்குப் புரியும்படி பேசியவர்கள் அந்த மாமியார்கள்தான்.*

* சினிமா அவளுக்கு அவ்வளவு பிடிக்காது. "இந்தப் புள்ள வேற என்னமோ பேசுது," என்று கதாநாயகிகளைப் பற்றிச் சொல்வாள். தமிழ் தெரியாத கதாநாயகிகள் வசனத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நடிப்பதை முதல் ரீலிலேயே கண்டுபிடித்தவள் அவள்.

7

ஆகவே கதையைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. ஆனால் பாலுசாமி அதற்குள் பெட்டியை வாங்கிவிட்டார். பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்க என்னிடம் காரணம் இல்லை.

அருள்குமார் வந்து மாட்டிக்கொடுத்தான். பெட்டியின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கக்கூடாது என்று பாலுசாமி சொல்லிவிட்டார். இதுதான் வந்துவிட்டதே, இனி அது எதற்கு என்று கேபிளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். கீதாவின் மாமியார்கள் அன்றோடு மறைந்தார்கள். அவள், "சரிங்க," என்றாள். இந்த முறை உதட்டைப் பார்த்துத்தான் சொன்னாள்.

சாயங்காலம். சோபாவில் இரண்டு பேர். முறுக்குத் தட்டு நடுவில். பாலுசாமி ரிமோட்டை அழுத்தி அழுத்திக் கடைசியில் ஒரு கொரியத் தொடரில் போய் நின்றார். தமிழில் குரல் மாற்றியது. அவர் அசந்துபோனார்.

"ஏ அம்மணி, இங்க பாரு! கொரியாக்காரன் தமிழ்ல பேசறான்! எங்கியோ இருக்கறவன் 'சாப்பிட்டியா'ன்னு கேக்கறான் பாரு!"

கீதா பார்த்தாள். திரையில் உதடுகள் அசைந்தன. பக்கத்தில் காட்டினார்கள், வெளிச்சத்தில் காட்டினார்கள், மூக்குத்தி இருந்திருந்தால் கல்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் எந்த உதட்டிலும் ஒரு தமிழ்ச் சொல் இல்லை. வேறு தொடர் மாற்றினார். ஸ்பானிஷ்காரர்கள் தமிழ் பேசினார்கள். இன்னொன்றில் துருக்கிக்காரர்கள். உலகம் முழுக்கத் தமிழ் பேசிய அந்தச் சாயங்காலத்தில் கீதாவுக்கு ஒரு சொல்கூட வந்து சேரவில்லை.*

* வசனத்தைத் திரைக்குக் கீழே எழுத்தில் ஓடவிடலாமே என்கிறீர்கள். எனக்கும் அது தோன்றியது. பாலுசாமியை விட்டு அந்தப் பொத்தானை அழுத்த வைத்தேன். இங்கிலீஷில் ஓடியது. கீதா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ்தான் படித்தவள்.

பிறகு அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். அவர் சிரித்தபோது சிரித்தாள். அவர் 'அடப்பாவி' என்றபோது கன்னத்தில் கை வைத்தாள். நன்றாகத்தான் போனது. பாலுசாமி ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"படத்தப் பாக்காம என்னத்துக்கு என்னயவே பாக்கறே?"

"சும்மாதானுங்க."

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்குச் சந்தோஷமான சாயங்காலம் அது. அவளுக்கு என்னவென்று எழுதப் பல வாக்கியங்களை முயன்றேன். அவள் தறிகளுக்கு நடுவில் நின்ற காலத்தில்கூட இவ்வளவு— (இல்லை.) பக்கத்தில் இருந்தும் தூரத்தில்— (இதுவும் இல்லை.) அவள் தனியாக இருந்தாள். இது போதும்.

8

முடிவுகள் இரண்டு கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு. பாலுசாமிக்கு உண்மை தெரிந்து கோயம்புத்தூர் டாக்டரிடம் கூட்டிப் போகிறார். காதில் வைக்கும் கருவி வாங்க வேண்டும் என்கிறார் டாக்டர். அருள்குமார் ஒரு வாரம் காணொளி பார்த்துவிட்டு, "உள்ள வெக்கறது வேண்டாமுங்க மாமா, வெளிய தெரியறதா வாங்குங்க," என்கிறான். இல்லை, இதில் மட்டும் தெரியக்கூடாது என்று பாலுசாமி வாதாடுகிறார். மலருக்கு இது பொருந்தும்.

இரண்டாவது. லோகப்பிரியா லீவில் வந்து, அம்மா படம் பார்க்காமல் அப்பாவைப் பார்ப்பதைக் கண்டு, எல்லாவற்றையும் புரிந்துகொண்டு கண் கலங்குகிறாள். படித்த பெண்ணை வரவழைத்துப் பெற்றோரைப் புரிந்துகொள்ளச் செய்வது நான் பல கதைகளில் செய்து முடித்த வேலை. இன்னொரு முறை வேண்டாம்.

எனக்கு எழுத வந்தது இவ்வளவுதான். படம் பாதியில் நின்றுபோய், திரையில் வட்டம் சுற்றுகிறது. பாலுசாமி எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, டிவிக்குப் பின்னால் குனிந்து வயரைத் தடவுகிறார். அவர் முதுகுதான் கீதாவுக்குத் தெரிகிறது. முகம் சுவரைப் பார்த்திருப்பதாலோ என்னவோ, அவருக்கு வாய் வந்துவிடுகிறது.

"இத்தன வருசம் உம்பக்கத்துல ஒரு நாள் உக்காரலியே அம்மணி. அதுக்குத்தான் இந்தப் பொட்டியே. படம் ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன."

நீங்கள் கேட்டீர்கள். நான் கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த முதுகு அசைந்த விதத்தில், வயரைத் தேடுகிற முதுகு அப்படி அசையாது என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது அவள் செய்ததை நான் திட்டமிடவில்லை. எழுந்து போய் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"ஏனுங்க, எனக்குக் கேக்கலீங்க. கொஞ்ச நாளாவே கேக்கறதில்லீங்க. இப்ப என்ன சொன்னீங்க?"

அந்த ஆள் இப்போது அவளைப் பார்த்தபடி நிற்கிறார். எழுதவிட்டால் என் கை "வயரு லூசாயிருச்சுன்னு சொன்னேன்" என்றுதான் எழுதும். எனக்கு எங்கள் ஊர் ஆண்களைத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன். அதனால் பேனாவை வைத்துவிட்டேன். இனி அவர் பேசப்போவதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரு வேலை மட்டும் செய்துவைத்திருக்கிறேன். பாலுசாமிக்கு மீசை உண்டு என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. மேலுதட்டை முழுக்க மூடுகிற மீசை. இவ்வளவு காலம் அதற்குக் கீழே பாதியை ஊகித்துத்தான் அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள். அதைக் கத்தரித்து ஒதுக்கிவிட்டேன். டியூப்லைட்டையும் போட்டிருக்கிறேன். மெதுவாகப் பேச வையுங்கள்.